பரிசிலும் கூலியும்: கெய்ரோ நடனக்காரிகளின் ஊதிய வரலாறு

பரிசில் வேறு, கூலி வேறு. புறநானூற்றையும் ஆற்றுப்படை நூல்களையும் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரிசிலின் அளவைக் கொடுப்பவனுடைய மனமும் அன்றைய பொழுதும் தீர்மானிக்கின்றன. வாங்க வந்தவர் காத்திருக்க வேண்டும், புகழ வேண்டும், சில நாள் வெறுங்கையோடு திரும்பவும் வேண்டும். கூலியோ முன்கூட்டியே பேசப்படுவது. பேசிய தொகை வராவிட்டால் கேட்பதற்கு உரிமை உண்டு. கேட்டும் வராவிட்டால் முறையிட ஓர் இடம் உண்டு. உணவகங்களிலும் இரவு விடுதிகளிலும் ஆடும் பெல்லி டான்ஸ் கலைஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிறுத்திவைக்கப்பட்டிருப்பது கண்ணில் படுகிறது.

நம்மவரில் பலருக்கு இந்த நடனம் திரைப்படங்களின் கொள்ளைக்கூட்டக் காட்சிகள் வழியாகவோ, துபாய் சென்றவர்கள் பாலைவன முகாமில் இரவு உணவோடு பார்த்துவிட்டு வந்து சொன்ன கதை வழியாகவோதான் அறிமுகம். பெயரே இரவல் பெயர். அரபு மொழியில் இது ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழ்த்திசை நடனம். அதில் வயிறு என்ற சொல்லே கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் இட்ட 'வயிற்று நடனம்' என்ற பெயர், 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் 'கெய்ரோவில் ஒரு தெரு' என்னும் பகுதி வழியாக அமெரிக்காவில் பரவி ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியை நடத்திய ஸோல் புளூம், அந்தப் பெயரின் விரசமே கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதைப் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் மறைக்கவில்லை. கல்லாவுக்குப் போன பணத்தைப் பற்றி அவர் பேசுகிறார். ஆடியவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது நம் பக்கம் வந்துசேராத செய்தி.

எகிப்தில் பழைய நாளில் இரண்டு வகைப் பெண் கலைஞர்கள் இருந்தனர். ஒரு வகையினர் அவாலிம். ஒருமையில் ஆலிமா, பேச்சு வழக்கில் ஆல்மா. நம் ஊர் முஸ்லிம்கள் மார்க்கம் கற்றவரை ஆலிம் என்கிறார்களே, அதே வேர்ச்சொல்தான். கற்றவள் என்று பொருள். பெரிய வீடுகளின் அந்தப்புரங்களில் பெண்களுக்கு முன்பாகப் பாடியவர்கள் இவர்கள். வீட்டு ஆண்கள் திரைக்கு அப்பால் இருந்து கேட்கலாம், அவ்வளவே. மற்றொரு வகையினர் கவாஸி எனப்பட்ட, தெருவிலும் காப்பிக்கடை வாயிலிலும் முகத்திரையின்றி ஆடிய பெண்கள். 1825 முதல் எகிப்தில் தங்கி, 1836-இல் அந்நாட்டு மக்களின் வாழ்க்கைமுறை பற்றிப் பெருநூல் எழுதிய எட்வர்ட் லேன் இவ்விரு பிரிவினரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறார். ஆனால் நூற்றாண்டு முடிவதற்குள் ஆல்மா என்ற சொல்லே விடுதி நடனக்காரியைக் குறிப்பதாகிவிட்டது. கூத்தாடுபவளைக் குறித்த கூத்தி என்ற சொல் நம்மிடம் அடைந்த கதியை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒரு தொழிலின் பெயர் வசைச்சொல்லாக மாறிய பிறகு அந்தத் தொழிலுக்கு ஊதியம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை மொழி வரலாற்றாசிரியர்கள் இன்னும் சற்றுக் கவனிக்கலாம்.

இவர்களுக்கு வருமானம் வந்த வழிக்கு நுக்தா என்று பெயர். திருமண வீட்டு விருந்தினர்கள் கலைஞர்களுக்கு அளிக்கும் பணம் இது. கொடுத்தவர் பெயரை உரக்கக் கூவி அறிவிப்பார்கள். நாளை அவர் வீட்டுத் திருமணத்தில் இவர் திருப்பிச் செய்யவேண்டும். தென்மாவட்டத்துத் திருமண மண்டப வாசலில் மொய் எழுதும் மேசையைப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் புரியும். நம் மொய் வீட்டுக்காரருக்குப் போகிறது. அங்கே அதே பரிமாற்றம் ஆடுபவளின் வழியாக நடந்தது. அவளுக்குக் கிடைத்ததைக் குழுத் தலைவியான உஸ்தா பிரித்துக் கொடுப்பாள். ஆக, அவளுடைய வருமானம் அவள் எப்படி ஆடினாள் என்பதை மட்டும் பொறுத்தது அன்று. விருந்தினர்கள் ஒருவரோடொருவர் கொண்டிருந்த கடன், பகை, போட்டி எல்லாம் அதில் கலந்திருந்தன. அதனால் நல்ல நாளில் அது கூலியைக் காட்டிலும் பன்மடங்காகவும் இருந்திருக்கும்.

அரசு இவர்களிடம் வரி வாங்கியது. ஒட்டோமான் ஆட்சிக்காலம் தொட்டே நடனக்காரிகள் வரி கட்டுபவர்களின் பட்டியலில் இருந்தனர். பிறகு 1834 ஜூன் மாதத் தொடக்கத்தில், நாட்டை நவீனமாக்கப் புறப்பட்ட முகம்மது அலி பாஷாவின் அரசு பொதுநடனத்தைத் தலைநகரில் தடைசெய்தது. மார்க்க அறிஞர்களின் நெருக்குதலும், ஐரோப்பியப் பயணிகள் இதை வேடிக்கை பார்க்கத் திரண்டதால் எழுந்த கூச்சமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தடையை மீறினால் முதல் முறை ஐம்பது கசையடி. திரும்பவும் பிடிபட்டால் ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் வேலை என்று லேன் பதிவு செய்கிறார். பெண்கள் தெற்கே நைல் நதியோரத்து ஊர்களான கெனா, எஸ்னா, அஸ்வான் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். தலைநகரில் ஆட்டம் நின்றுவிடவில்லை. பெண் வேடமிட்ட ஆண்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். தண்டனை பெற்றவள் ஆடியவள். ஆட அழைத்தவனுக்கு இந்தச் சட்டத்தில் வேலை இல்லை.

நாடு கடத்தப்பட்ட அந்த எஸ்னாவில்தான் 1850 மார்ச் மாதம் குஸ்தாவ் ஃப்ளொபேர் படகிலிருந்து இறங்கி குச்சுக் ஹானெம் என்பவளின் வீட்டுக்குப் போனார். துருக்கிய மொழியில் இதற்குச் 'சின்னச் சீமாட்டி' என்று பொருள். அவளுடைய சொந்தப் பெயராக இருந்திருக்க வாய்ப்பில்லை. அவளுடைய உடை, நறுமணம், ஆட்டம் எல்லாவற்றையும் ஃப்ளொபேர் கடிதங்களிலும் பயணக் குறிப்புகளிலும் எழுதிவைத்தார். எட்வர்ட் சயீத் 1978-இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூலில், அவள் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, அவளுக்காக ஃப்ளொபேரே பேசினார் என்று எடுத்துக்காட்டிய பகுதி நம் இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமானது. அதை மறுக்கவில்லை. ஆயினும் சயீத் எழுப்பிய பேச்சுரிமைப் பிரச்சினைக்கு முன்னால் எளிமையான இன்னொரு கேள்வி இருக்கிறது: அவள் ஏன் எஸ்னாவில் இருந்தாள்? பதினாறு ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட ஓர் உத்தரவு, அவளைப் போன்றவர்களின் வேலைச் சந்தையை ஒரே வீச்சில் தலைநகரிலிருந்து பிடுங்கி, படகில் வரும் வெளிநாட்டுப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் சிற்றூர்களில் நட்டுவிட்டது. உஸ்தாவும் இல்லை, மொய்க் கணக்கும் இல்லை. வந்தவன் கொடுத்தது வரவு.

தடை தளர்ந்து பெண்கள் கெய்ரோவுக்குத் திரும்பியபோது நகரமே மாறியிருந்தது. சூயஸ் கால்வாய் திறப்பை ஒட்டி அஸ்பக்கியாப் பகுதி தோட்டமும் ஓப்பரா மாளிகையுமாகப் புதுக்கோலம் பூண்டது. 1882-இல் பிரிட்டிஷ் படை வந்தது. அதைச் சுற்றி மது விற்கும் இசை விடுதிகள் முளைத்தன. வீட்டுத் திருமணத்திலிருந்து விடுதி மேடைக்கு நகர்ந்த ஆட்டத்தோடு ஃபத்ஹ் என்ற முறையும் வந்தது. இந்த வரலாற்றின் முடிச்சு இந்த ஒரு சொல்லில் இருப்பதாக நான் கருதுவதால் சற்று நின்று பார்க்கலாம்.

ஃபத்ஹ் என்றால் திறத்தல். புட்டி திறத்தல். ஆட்டம் முடிந்ததும் நடனக்காரி இறங்கிவந்து வாடிக்கையாளரின் மேசையில் அமரவேண்டும். அவர் அவளுக்காக மது வரவழைப்பார். திறக்கப்பட்ட ஒவ்வொரு புட்டிக்கும் அவளுக்குக் கமிஷன் உண்டு. மேடையில் ஆடுவதற்கென்று பேசிய சம்பளம் சிறியது, மேசைதான் வருமானம். விடுதிக்காரருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. அவளுக்குக் கொடுப்பது அவர் கைப்பணம் அன்று, விற்ற மதுவின் ஒரு பங்கு. விற்காத இரவில் அவருக்கு நட்டம் குறைவு, அவளுக்கோ முழு நட்டம். நன்றாக ஆடி, மேசையில் உட்கார மறுப்பவளைக் காட்டிலும் சுமாராக ஆடி நான்கு மேசைகளில் அமர்பவளே விடுதிக்கு வேண்டியவள். எத்தனை புட்டி திறந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது. எத்தனை நாழிகை ஆடினாள் என்பதற்கு இல்லை. இரவு முழுவதும் குடிக்கவேண்டிய உடம்பு அவளுடையது என்பதால், அவள் கிண்ணத்தில் வேறு எதையாவது ஊற்றிவைக்கும் உத்தியையும் இத்தொழில் கண்டுபிடித்துக்கொண்டது.

இந்த உலகத்தை ஒரு பெண்ணே ஆண்ட காலமும் உண்டு. டமாஸ்கஸில் பிறந்த பதியா மஸாப்னி 1926-இல் கெய்ரோவின் இமாதுத்தீன் தெருவில் தம் பெயரிலேயே ஓர் அரங்கைத் தொடங்கினார். பின்னர் ஓப்பரா சதுக்கத்தில் 'கஸீனோ ஓப்பரா'வை நடத்தினார். பெண்கள் மட்டும் வரும் பகல் காட்சிகளையும் ஏற்பாடு செய்தார். இன்று உலகெங்கும் பெல்லி டான்ஸ் என்று அறியப்படும் மேடை வடிவமும், அந்த மணிக்கச்சை உடையும் பெரிதும் அவருடைய அரங்கின் வழியே நிலைபெற்றவை. தஹியா கரியோகா, ஸாமியா கமால் இருவரும் அங்கே பயின்று எழுந்தவர்கள். அவர்களைத் திரைப்படம் தூக்கிச் சென்றது. ஃபரீத் அல்-அத்ரஷுடன் ஸாமியா நடித்த 'அஃப்ரீதா ஹானிம்' (1949) போன்ற படங்களை இன்றும் இரசிக்கலாம். சினிமாவில் ஒப்பந்தம் இருந்தது. யார் மேசையிலும் அமரவேண்டியதில்லை. மேலே ஏறிய சிலருடைய கதையை நாம் அறிவோம். கோரஸ் வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு மேசை மட்டுமே மிஞ்சியது.

பதியா வரித் தொல்லையில் சிக்கி, 1950-ஐ ஒட்டி எகிப்தைவிட்டு வெளியேறி லெபனானில் குடியேறினார். அவர் போன பிறகும் அவர் பெயராலேயே வழங்கிவந்த கஸீனோ ஓப்பரா 1952 ஜனவரி 26 அன்று எரிந்தது. முந்தைய நாள் இஸ்மாயிலியா நகரில் பிரிட்டிஷ் படையினர் ஐம்பது பேர் அளவில் எகிப்தியக் காவலர்களைக் கொன்றிருந்தார்கள். கெய்ரோ கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்வலம் ஓப்பரா சதுக்கத்தை அடைந்தபோது, விடுதியின் வெளித்தாழ்வாரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி நடனக்காரி ஒருத்தியோடு அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தாராம். உன் சகோதரர்கள் செத்துக் கிடக்கையில் நீ இங்கே இருக்கிறாயா என்று வாக்குவாதம் மூண்டு, நாற்காலிகள் குவிக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது என்று அந்நாளின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்று மாலைக்குள் நகரின் மையப்பகுதி சாம்பலாயிற்று. அந்த மேசையில் அமர்ந்திருந்த பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் வேலையில் இருந்தாள் என்பதையும் யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரோடு அமர்வது அவளுடைய வேலையாக இருந்தது.

ஆறே மாதத்தில் புரட்சி வந்தது. நாசரின் காலம் தொடங்கியது. நடனத்தை ஒழுங்குபடுத்த 1950-களில் சட்டங்களும் விதிகளும் தொடர்ந்து வந்தன. வயிற்றை மெல்லிய வலைத்துணியாலாவது மூடவேண்டும். கலைஞர்கள் வாடிக்கையாளர்களோடு அமரக்கூடாது. ஆடுவதற்கு உரிமம் வேண்டும். உடையையும் அசைவையும் தணிக்கைத்துறை மேற்பார்க்கும். ஃபத்ஹ் ஒழிய வேண்டியதுதான். அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் கமிஷன் போன இடத்தில் சம்பளம் வரவேண்டும் என்ற எண்ணம் இந்த விதிகளில் எங்கும் இல்லை. மேசையைப் பிடுங்கியவர்கள் மேடைக்கு விலை நிர்ணயிக்கவில்லை. சட்டப்படி ஒழிக்கப்பட்ட வழக்கம் சிறிய விடுதிகளில் மறைவாகத் தொடர்ந்தபோது, பிடிபடும் அபாயம் மட்டும் அவளுடையதாயிற்று. 1834-இன் கசையடிக்கும் இதற்கும் கடுமையில் பெரும் தூரம் உண்டு. தண்டனை யாரை நோக்கிப் போகிறது என்பதில் இல்லை.

1970-களில் எண்ணெய்ப் பணத்தோடு வளைகுடா நாட்டார் கோடைக்கு வந்து இறங்கினார்கள். 1975-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரால் பெய்ரூத் மூடிக்கொண்டது. பிரமிடுகளுக்குச் செல்லும் சாலையில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்து 1977 ஜனவரியில் எழுந்த கலவரத்திலும், 1986-இல் துணைக்காவல் படையினரின் கிளர்ச்சியிலும் அந்த விடுதிகளே தாக்கப்பட்டன. பணம் கண்முன் கொட்டிய இடம் அது என்பதால் கோபமும் அங்கே போனது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆடியவளுடையது அன்று என்பது தெருவில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேலே வீசப்படும் நோட்டுகளைப் பொறுக்க ஆள் உண்டு. விடுதிக்கும் வாத்தியக்காரருக்கும் பங்கு போக மீந்ததே அவளுக்கு. பெரிய ஹோட்டல்களில் ஆடும் நட்சத்திரங்களோ தாங்களே முதலாளிகள். வாத்தியக் குழு முழுவதற்கும் சம்பளம் கொடுப்பதும், உடை தைப்பதும், ஏற்பாட்டாளருக்குக் கமிஷன் தருவதும் அவர்கள் பொறுப்பு.

இக்காலத்துத் தொழில்முறைக் கலைஞர்களிடம் நேரில் பேசி எழுதப்பட்ட நூல், நெதர்லாந்து மானிடவியலாளர் கரின் வான் நியூகெர்க் 1995-இல் வெளியிட்டது. அதன் தலைப்பைத் தமிழில் 'மற்ற எதையும் போல ஒரு தொழில்' எனலாம். கெய்ரோவின் முகம்மது அலி தெருவில் (தடை விதித்த பாஷாவின் பெயரிலேயே அமைந்த தெரு நடனக்காரிகளின் சந்தையானது வரலாற்றின் குறும்பு) திருமண ஆட்டக்காரிகளோடு பழகி அவர் எழுதியதில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தப் பெண்கள் தங்களைக் கலைஞர் என்றோ பாவி என்றோ சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிழைப்புக்காக உழைப்பவர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்புகிறார்கள். பிள்ளைகள் சாப்பிட வேண்டும், ஆகவே வேலைக்குப் போகிறோம் என்பதே வாதம். வேலையிடத்தில் ஆண்களுக்கு நடுவே ஓர் ஆணைப்போல நடந்துகொள்வதைத் தற்காப்பாகக் கொண்டிருக்கிறார்கள். சமூகமோ அந்தப் பணத்தையே தீட்டாகப் பார்க்கிறது. ரமலான் மாதத்தில் புகழ்பெற்ற நடனக்காரிகள் ஏழைகளுக்கு இடும் நோன்பு திறக்கும் விருந்தில் உண்ணலாமா கூடாதா என்று எகிப்தில் விவாதங்களே நடந்திருக்கின்றன. வரித்துறைக்கு இந்த ஐயம் ஒருநாளும் எழுந்ததில்லை.

இந்த ஏற்பாடு கடல் கடந்தும் போயிற்று. 1950-களிலும் 60-களிலும் நியூயார்க்கின் எட்டாம் அவென்யூவில் கிரேக்கர், ஆர்மீனியர், அரபியர், துருக்கியர் நடத்திய உணவு விடுதிகளில் வாத்தியக் குழுவோடு இரவுதோறும் ஆட்டம் இருந்தது. 1970-களில் அமெரிக்கப் பெண்களிடையே பெல்லி டான்ஸ் வகுப்புகள் பெருகின. கலைக்கு இது நல்ல செய்தி. கூலிக்கு நல்லதாக இருக்கவில்லை. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மேடை கிடைத்தால் போதும் என்று குறைந்த தொகைக்கோ வெறும் அன்பளிப்புக்கோ ஆடவந்தவர்கள், அதையே நம்பிப் பிழைத்தவர்களின் விலையைத் தெரியாமலேயே கீழே இறக்கினார்கள். உணவகத்துக்காரர் 'அவள் இவ்வளவுக்கு ஆடுகிறாளே' என்று சொல்லத் தொடங்கியபின் பேரம் முடிந்துவிடுகிறது. பொருள் வைக்கும் அறையிலோ கழிப்பறையிலோ உடை மாற்றிக்கொண்டு, சூடான தட்டுகளோடு பரிமாறுபவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடைவழியில், எண்ணெய் சிந்திய தரையில் வெறுங்காலோடு இருபது நிமிடம் ஆடி, கூட்டம் குறைவென்று கடையடைத்த பிறகு பேசியதில் பாதியை வாங்கிக்கொண்டு போவது இத்தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிய அனுபவம். அன்பளிப்பு நோட்டைக் கையில் தராமல் இடைக்கச்சையில் செருக வரும் விரல்களை விலக்கவும் வேண்டும், முகத்தில் புன்னகையும் வேண்டும். அந்த நோட்டுதான் அவளுடைய ஊதியத்தின் பாதி.

சங்கம் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். எகிப்தில் 1978-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டம் நடிகர்களுக்கும், திரைத்துறையினருக்கும், இசைக்கலைஞர்களுக்கும் மூன்று தொழில்முறைச் சங்கங்களை அமைத்தது. நடனக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து தபலா வாசிப்பவருக்குச் சங்கம் உண்டு. முன்னால் ஆடுபவளுக்கென்று ஒன்று இல்லை. 1987-இல் சங்கங்களின் நிர்வாகத்தில் தலையிட்ட ஒரு சட்டத் திருத்தத்தை எதிர்த்துக் கலைஞர்கள் உள்ளிருப்புப் போராட்டமும் உண்ணாநோன்பும் நடத்தியபோது, முதுமையிலும் அதில் முன்னின்றவர் தஹியா கரியோகா. 1953-இல் இடதுசாரி அரசியலுக்காகச் சிறை சென்றவர் அவர், போராட்டம் புதிதன்று. யூஸுஃப் ஷஹீன் அந்தப் போராட்டத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படத்தில் அவர் அவராகவே தோன்றுகிறார். சயீத் பதின்வயதில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய கட்டுரை அருமையானது. ஆனால் தஹியா அந்தச் சங்கக் கட்டடத்துக்குள் அமர முடிந்தது நடிகை என்ற தகுதியால். ஆடியதற்காக அன்று.

2003-இல் எகிப்து அரசு வெளிநாட்டு நடனக்காரிகளுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்தியது. உள்நாட்டுப் பெண்களின் வேலையைக் காப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. இருநூறு ஆண்டுகளில் நடனக்காரியை ஒழுக்கத்தின் பெயரால் அல்லாமல் வேலையின் பெயரால் அரசு பேசிய அபூர்வ சந்தர்ப்பம் இது. ஆனால் அப்போதும் பேசப்பட்டது யார் ஆடலாம் என்பது மட்டுமே; எவ்வளவுக்கு ஆடுவது என்பது பேச்சில் வரவில்லை. மறு ஆண்டே தடை விலக்கப்பட்டது. ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் பெண்கள் மீண்டும் வந்தார்கள். ஹோட்டலோ, நைல் நதிப் படகு உணவகமோ முன்நின்று ஒப்பந்தம் கொடுத்தால்தான் அவர்களுக்கு அனுமதி கிடைக்கும். சம்பளம் குறைகிறதென்று அந்தப் படகிலிருந்து இறங்கினால், கரையில் கால்வைப்பதற்குள் நாட்டில் தங்கி வேலைசெய்யும் உரிமையும் ஆட்டம் காணத் தொடங்கிவிடும். படகுக்காரருக்கும் அது தெரியும்.